மாட்டு ஈரலில் தட்டைப்புழு: நம் வல்லாரைச் சம்பலோடு அதற்கு என்ன தொடர்பு?

"டொக்டர், ஈரலை வெட்டினால் உள்ளே இலை மாதிரி ஏதோ இருக்கிறது. போன கிழமை இதே கடையில் வாங்கிச் சாப்பிட்டோமே, ஏதும் ஆகுமா?" கொழும்பில் கால்நடை வைத்தியம் பார்ப்பவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. புழு இருக்கும் ஈரல் உணவுக்கு உகந்ததல்ல, ஒதுக்கிவிட வேண்டும். ஆனால் நன்றாக வேகவைத்துச் சாப்பிட்ட ஈரலிலிருந்து அந்தப் புழு உங்களுக்குத் தொற்றாது. அது மனிதருக்கு வரும் வழி வேறு. அந்த வழியைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

நம் நாட்டு மாடுகளிலும் எருமைகளிலும் காணப்படுவது ஃபேசியோலா ஜைகான்டிகா என்ற கல்லீரல் தட்டைப்புழு. ஏழு சென்ரிமீற்றர் வரை வளரும். பித்தக்குழாயில் குடியிருந்து முட்டையிடும். முட்டை சாணத்தோடு வெளியே வருகிறது. சாணம் காய்ந்த தரையில் விழுந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். தண்ணீரில் விழுந்தால் முட்டை பொரித்து, வரும் குஞ்சு லிம்னியா வகை நன்னீர் நத்தையைத் தேடிப் புகுந்துகொள்கிறது. அங்கே ஒன்று நூற்றுக்கணக்காகப் பெருகுகிறது. பிறகு நத்தையை விட்டு வெளியேறி, நீரோரத்துப் புல்லிலும் கீரையிலும் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓடு கட்டிக் காத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டை விழுங்குபவருக்குத்தான் நோய், அது மாடாக இருந்தாலும் மனிதராக இருந்தாலும். இந்தச் சுற்றை 1880களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் லோய்க்கார்ட்டும் இங்கிலாந்தில் தோமஸும் தனித்தனியே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இப்போது கொழும்பைப் பாருங்கள். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் இது. பெல்லன்வில-அத்திடியவிலிருந்து கொலன்னாவை வரை சதுப்பு நிலங்கள். வெள்ளத்தைத் தாங்கி நகரைக் காப்பவை அவைதான், அவற்றை மூடச் சொல்லும் கட்டுரை இதுவல்ல. ஆனால் அதே நீரோரத்தில்தான் மாடும் எருமையும் மேய்கின்றன, சாணம் விழுகிறது, நத்தை வளர்கிறது. புறநகரின் ஈரப் பாத்திகளில் கங்குனும் வல்லாரையும் பொன்னாங்காணியும் வளர்கின்றன. 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையும் கடுவலையும் மூழ்கியதை நினைத்துப் பாருங்கள். அப்படியான வெள்ளத்துக்குப் பிறகு எந்தப் பட்டியின் சாணம் எந்தப் பாத்திக்குப் போனது என்று யாரால் சொல்ல முடியும்?

எல்லாக் கீரையிலும் புழு இருக்கிறது என்று பயமுறுத்த வரவில்லை. மனிதரில் இந்த நோய் நம் நாட்டில் அரிது. ஆனால் வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடும் வழக்கம் நமக்கு இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் அலசினால் மண் போகும், ஆனால் இலையோடு ஒட்டிய கூடு போகும் என்று நம்ப முடியாது. உப்பும் வினாகிரியும் முழு உத்தரவாதம் தருவதில்லை. சூடு கொல்லும். ஆகவே எங்கே வளர்ந்தது என்று தெரியாத கீரையை வறையாகவோ சுண்டலாகவோ சமைத்துவிடுங்கள். சம்பல்தான் வேண்டும் என்றால் வீட்டுச் சாடியில், குழாய்த் தண்ணீரில் வளர்த்த வல்லாரை போதும். சாடியில் வல்லாரை வளர்ப்பது கஷ்டமே இல்லை.

அப்புறம் பட்டிக்கு வருவோம், ஏனென்றால் தடுக்க வேண்டிய இடம் அதுதான். பால் குறைகிறது, மாடு மெலிகிறது, கண்ணிமையின் உட்புறம் வெளிறிப்போகிறது, சில நாளில் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்குகிறது. "புழு மருந்து கொடுத்தாச்சு டொக்டர்" என்பார்கள். என்ன மருந்து என்று கேட்டால் பெரும்பாலும் ஐவர்மெக்டின், அல்லது லெவாமிசோல். இரண்டும் உருண்டைப்புழுவுக்கானவை, தட்டைப்புழுவை ஒன்றும் செய்யாது. அல்பெண்டசோல் வேலை செய்யும், ஆனால் வளர்ந்த புழுவை மட்டுமே கொல்லும், அதற்கும் வழக்கமான அளவு போதாது. சினைப்பட்ட தொடக்கத்தில் கொடுத்தால் கன்றுக்குக் கேடு. டிரைக்ளாபெண்டசோல் இளம் புழுவையும் கொல்லும். ஆனால் கறவை மாட்டுக்கு எதைக் கொடுக்கலாம், எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பதைக் கால்நடை வைத்தியரிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். சாணப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது தட்டைப்புழுச் சந்தேகம் என்று சொல்லிக் கொடுங்கள். இதன் முட்டை கனமானது, மிதக்கவிட்டுப் பார்க்கும் முறையில் தவறிவிடும், படியவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஜனவரி முதல் மார்ச் வரை கூடுதல் கவனம் வேண்டும். மழை குறைந்து தண்ணீர் வற்றும்போது மாடுகள் பச்சையைத் தேடிச் சதுப்பின் உள்ளே இறங்குகின்றன. கூடு ஒட்டிய செடிகள் அப்போதுதான் வாய்க்கு எட்டுகின்றன. சதுப்புப் புல்லை வெட்டி வந்தால் உடனே போடாமல் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். குடிக்கத் தொட்டித் தண்ணீர் வையுங்கள். சாணத்தை ஓடையில் தள்ளாமல் குவித்து உரமாக்குங்கள். நத்தையை ஒழிக்கத் துருசு (செப்பு சல்பேற்று) கரைத்து ஊற்ற வேண்டாம், மீனும் சாகும்.

நத்தை வழியாக வரும் இன்னொரு தொல்லையும் உண்டு. மாடுகளின் இரத்தக்குழாயில் வாழும் சிஸ்டோசோமா ஸ்பிண்டேல் இலங்கையிலும் இருக்கிறது. அதன் குஞ்சுகள் நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து, அங்கேயே செத்து, தாங்க முடியாத அரிப்பைத் தரும். மனித உடலில் வளராது. முழங்கால் வரை நீரில் நின்று கீரை வெட்டுபவர்கள் பூட்ஸ் போட்டால் பெருமளவு தப்பலாம்.

மருத்துவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நீடித்த காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, இரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளை அணு மிக உயர்வு, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பச்சைக் கீரை சாப்பிட்டார்களா என்று கேளுங்கள். தொற்றிய முதல் மூன்று, நான்கு மாதங்களில் மலத்தில் முட்டை தெரியாது. அதனால் மலப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாமல், எதிர்ப்பொருளுக்கான இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நோய் உறுதியானால் அவர் கீரை வாங்கிய இடத்தையும் கேட்டு, அந்தப் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் (பி.எச்.ஐ.) சொல்லுங்கள், அங்குள்ள மாடுகளின் சாணத்தை நாங்கள் பார்க்கிறோம்.