நுவார் படம் இருட்டா இருக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி உங்க டிவி செட்டிங்கை ஒருதடவை பாருங்க

நான் கலரிஸ்ட். எடிட் முடிஞ்ச படத்துக்கு ஷாட் ஷாட்டா கலரும் வெளிச்சமும் சரி பண்ற டிஐ வேலை. இப்போ க்ரைம் படம், க்ரைம் வெப் சீரிஸ்னு எது வந்தாலும் டைரக்டர் வந்து உக்காந்ததும் 'நுவார் ஃபீல் வேணும்'னு, அதாவது நிழலும் வெளிச்சமும் மோதற அந்தப் பழைய க்ரைம் படத்து ஸ்டைல் வேணும்னு தான் ஆரம்பிக்கிறாங்க, படம் ரிலீஸ் ஆனதும் ஜனங்க 'ஒண்ணுமே தெரியல, ஒரே இருட்டு'ன்னு எழுதுறாங்க. ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோவம் இல்ல. ஆனா இந்த ரெண்டுக்கும் நடுவுல நெறைய விஷயம் கெட்டுப்போகுது, அதை யாராவது சொல்லணும்.

மொதல்ல ஒண்ணு. நுவார்னா லைட்டைக் குறைக்கிறது கிடையாது. ஒரே ஒரு எடத்துல பளிச்சுன்னு லைட்டை வச்சிட்டு மத்ததை விட்டுடறது. 1940கள்ல அமெரிக்காவுல அந்தப் படங்களை எடுத்தவங்க அப்படித்தான் பண்ணாங்க. 1944ல வந்த 'டபுள் இன்டெம்னிட்டி'ல ஜன்னல் பட்டை வழியா வெயில் கோடு கோடா விழும்ல, அந்தக் கோட்டுல தூசி மிதக்குற மாதிரி தெரியணும்னு கேமராமேன் ஜான் சைட்ஸ் அலுமினியத் தூளை ரூமுக்குள்ள ஊதவிட்டு எடுத்தார். பாருங்க, அவர் யோசிச்சது இருட்டைப் பத்தி இல்ல, வெளிச்சம் எதுல பட்டுத் தெறிக்கும்னு தான். 1955ல 'தி பிக் காம்போ'வோட கடைசிக் காட்சியில கேமராமேன் ஜான் ஆல்டன் பனிமூட்டத்துக்குப் பின்னாடி லைட்டை வச்சு, ஆளுங்களை வெறும் நிழலுருவமா நிக்க வச்சிட்டார், மூஞ்சியே தெரியாது, ஆனா யார் எங்க நிக்கிறாங்க, யார் யாரை விட்டுப் போறாங்கன்னு ஒரு குழப்பமும் வராது. நம்ம ஊர்லயும் 1954லயே எஸ். பாலச்சந்தரோட 'அந்த நாள்' இருக்கு, பாட்டே இல்லாத படம், மாருதி ராவ் கேமரா, நிழலை வச்சே ஆளுங்க மேல சந்தேகத்தைக் கிளப்புவார். இன்னைக்கும் போட்டுப் பாக்கலாம்.

கலர் வந்ததும் இந்த ஸ்டைல் செத்துடும்னு நெனச்சா, சாகல. 1974ல 'சைனாடவுன்' பட்டப்பகல் வெயில்லயே அதே மாதிரி இருண்ட கதையைச் சொல்லிச்சு. 1995ல 'செவன்' படத்துக்கு கேமராமேன் டேரியஸ் கோன்ஜி சில பிரிண்ட்கள்ல மட்டும் ஃபிலிம்ல இருக்கற வெள்ளியை லேப்ல கழுவாம அப்படியே தங்கவிட்டார், அதனால கறுப்பு இன்னும் கெட்டியாச்சு. ஆனா இப்போ நாம பாக்குற நுவாரோட மறுவருகைக்கு உண்மையான திருப்பம் டிஜிட்டல் கேமரா தான்னு நான் நெனைக்கிறேன். 2004ல மைக்கேல் மான் 'கொலாட்டரல்' படத்தோட பெரும்பகுதியை வைப்பர்ங்கிற டிஜிட்டல் கேமராவுல எடுத்தார், ஏன்னா லாஸ் ஏஞ்சல்ஸ் ராத்திரி வானத்துல தெருவிளக்கு பட்டு எழும்புற அந்த மங்கின மஞ்சள் வெளிச்சம், ஃபிலிம்ல எடுத்தா அந்த அளவுக்கு வராது. அதுக்கப்புறம் சென்சார்ங்க இன்னும் கூர்மையாச்சு, ஒரு ட்யூப் லைட்டை வச்சே ஒரு சீனை எடுத்துடலாம்ங்கற நெலமை வந்துச்சு. 2022ல 'தி பேட்மேன்' எடுத்தப்போ கேமராமேன் க்ரெய்க் ஃப்ரேசர் டிஜிட்டல்ல எடுத்ததை மறுபடி ஃபிலிம்ல ஏத்தி, அதைத் திரும்ப ஸ்கேன் பண்ணாங்க, நிழலுக்குள்ள ஃபிலிமோட க்ரெய்ன்ங்கற மணல் மாதிரிப் புள்ளி உயிரோட வேணும்னு. 2024ல 'ரிப்ளி' சீரிஸ் முழுக்கக் கறுப்பு வெள்ளை, அதோட கேமராமேன் ராபர்ட் எல்ஸ்விட்டுக்கு எம்மி விருது கிடைச்சுது. தமிழ்ல 2011ல 'ஆரண்ய காண்டம்' பி.எஸ். வினோத் கேமராவுல வந்தப்போ, எங்க துறையில இருக்கற பசங்களுக்கு அது ஒரு பாடம் மாதிரி ஆச்சு.

அந்த சென்சார் தான் இப்போ பிரச்சனையும். லைட்டே வைக்காம எடுத்தாலும் ஏதோ ஒண்ணு பதிவாகிடுது, அதனால லைட் வைக்காததையே ஸ்டைல்னு நெனச்சிடறாங்க. டிஐல உக்காந்தா உடனே தெரிஞ்சிடும். எங்க முன்னாடி வேவ்ஃபார்ம்னு ஒரு கிராஃப் ஓடும், கீழ கறுப்பு, மேல வெள்ளை. நல்ல நுவார் ஷாட்ல கீழ ஒரு பெரிய கூட்டம் படுத்திருக்கும், அதுலேர்ந்து ஒரு மெல்லிசான கோடு மேல எழும்பி நிக்கும், அது அந்த ஆளோட கன்னத்து விளிம்பு, இல்லன்னா கண்ணுக்குள்ள இருக்கற சின்னப் புள்ளி. மோசமா எடுத்த ஷாட்ல அந்தக் கோடே இருக்காது, எல்லாம் கீழயே சகதி மாதிரி கெடக்கும். அப்போ பின்னாடி சோஃபாவுலேர்ந்து ப்ரொட்யூசர் சொல்வார், 'சார், ஹீரோ மூஞ்சி தெரியல, கொஞ்சம் லிஃப்ட் பண்ணுங்க'. மொத்த ஷாட்டையும் தூக்குனா ரசத்துல தண்ணி ஊத்துன மாதிரி கறுப்பெல்லாம் சாம்பலாயிடும், பின்சுவத்துல நாய்ஸ்ங்கற புள்ளிங்க எறும்பு மாதிரி ஊரும். அதனால கண்ணைச் சுத்தி மட்டும் ஒரு சின்ன வட்டம் போட்டு, ஓரத்தை நல்லா மங்கவிட்டு, அதுக்குள்ள மட்டும் கொஞ்சம் ஏத்துவேன், அந்த வட்டம் ஆள் தலையைத் திருப்பும்போது கூடவே திரும்பணும். ஆனா ஷூட்டிங்ல கண்ணுல லைட்டே விழலன்னா ஏத்துறதுக்கு அங்க ஒண்ணும் இல்லைங்க. புதுசா வர்ற தம்பிங்களுக்கு நான் சொல்றது இதான், செட்ல ஒரு சின்ன ஐ லைட் வச்சிட்டு அப்புறம் எவ்ளோ வேணா இருட்டுக்குப் போங்க.

சரி, நல்லாவே எடுத்து நல்லாவே கிரேட் பண்ண, அதாவது கலர் சரிபண்ண படமும் வீட்டுல ஏன் சகதியா தெரியுது? இதான் நெறைய பேருக்குத் தெரியாத எடம். சாதா டிவிக்கான வெர்ஷனை (எஸ்டிஆர்னு சொல்வோம்) நாங்க வெளிச்சம் கம்மியான ரூம்ல, 100 நிட்ஸ் (ஸ்க்ரீன் வெளிச்சத்தை அளக்கற அலகு) உச்ச வெளிச்சத்துக்கு செட் பண்ண மானிட்டர்ல பாத்துப் பாத்து செய்றோம். நீங்க அதை மத்தியானம் ரெண்டு மணிக்கு, ஜன்னல் தொறந்திருக்கற ஹால்ல பாக்குறீங்க. ஸ்க்ரீன்ல ஜன்னலோட பிம்பமே எங்க கறுப்பை விடப் பலமடங்கு வெளிச்சம். இன்னொண்ணு, எட்டு பிட் வீடியோவுல வெளிச்சத்தை எண் படிகளா பிரிச்சிருப்பாங்க, கறுப்பு 16ல தொடங்கி வெள்ளை 235ல முடியும், நுவார் படத்தோட பாதி உயிர் அந்த அடிமட்டத்துல இருக்கற கொஞ்சம் படியிலயே இருக்கு. ஸ்ட்ரீமிங்குக்காக ஃபைலை அமுக்கும்போது மொதல்ல அடிவாங்கறதும் அந்த எடம் தான், அதான் இருட்டுச் சுவத்துல வட்ட வட்டமா பட்டை தெரியுது. 2019ல 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' சீரிஸோட ராத்திரிச் சண்டை எபிசோடுக்கு உலகம் முழுக்க இதே புகார் வந்துச்சு, கேமராமேன் ஃபேபியன் வாக்னர் எடுத்ததுல தப்பில்ல, கம்ப்ரெஷனும் டிவி செட்டிங்கும் தான்னு சொன்னார். அந்த சீன்களை இன்னும் கொஞ்சம் தெளிவா வச்சிருக்கலாம்ங்கறது என் எண்ணம், ஆனா அவர் சொன்ன காரணம் ரெண்டும் நெஜம்.

டிவில விவிட் மோடை மாத்துங்க, கடையில பளபளன்னு தெரியறதுக்கு வச்ச மோட் அது. சினிமா, மூவி, இல்ல ஃபிலிம்மேக்கர்னு ஒரு மோட் இருக்கும், அதுல போடுங்க. டைனமிக் கான்ட்ராஸ்ட், மோஷன் ஸ்மூத்திங், மின்சார சேமிப்பு, ரூம் வெளிச்சத்தைப் பாத்துத் தானே மங்குற சென்சார், இது எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. லேப்டாப்பையோ செட்டாப் பாக்ஸையோ எச்டிஎம்ஐ கேபிள்ல மாட்டிப் பாக்குறவங்க பிளாக் லெவல்ங்கற செட்டிங்கை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வச்சிருக்கீங்களான்னு பாருங்க, ஒண்ணு ஃபுல்லயும் இன்னொண்ணு லிமிட்டெட்லயும் இருந்தா நிழல் எல்லாம் அப்படியே முழுங்கிடும், இல்லன்னா கறுப்பே சாம்பலாத் தெரியும். ஆப்ல டேட்டா சேவர் ஆன்ல இருக்கக்கூடாது. ராத்திரி, ஹால் லைட்டை அணைச்சிட்டு, டிவிக்குப் பின்னாடி ஒரு சின்ன வெளிச்சம் மட்டும் விட்டுப் பாருங்க, கண்ணும் வலிக்காது. போன்ல பாக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன், பஸ்ல போறவங்களுக்கு வேற வழி இல்ல, ஆனா அந்தப் படத்தைப் பத்தி முடிவு பண்றதுக்கு முன்னாடி வீட்டுல ஒருதடவை பாத்துடுங்க.

தியேட்டர் தான் எனக்கு ரொம்ப வருத்தம். டிஜிட்டல் புரொஜெக்ஷன் விதிப்படி 2டி படத்துக்குத் திரையோட நடுவுல வெள்ளை 14 ஃபுட் லாம்பர்ட், அதாவது 48 நிட்ஸ் இருக்கணும். புரொஜெக்டர்ல இருக்கற செனான் பல்பு ஓட ஓட மங்கும், மாத்துறது செலவுன்னு சில எடத்துல இழுத்துக்கிட்டே போவாங்க. சில எடத்துல 3டிக்கான ஃபில்டரைக் கழட்டாமலே 2டி படத்தை ஓட்டுவாங்க, பெரும்பங்கு வெளிச்சம் அங்கயே போயிடும். 3டிக்குப் போட்ட சில்வர் ஸ்க்ரீன்னா நடுவுல பளிச்சுன்னும் ஓர சீட்லேர்ந்து பாத்தா இருட்டாவும் இருக்கும், அந்த மாதிரி தியேட்டர்ல நடு சீட்டா எடுங்க. காமெடி படத்துக்கு இதெல்லாம் தெரியாமப் போயிடலாம், நுவார் படத்துக்கு வில்லன் நிக்கிற மூலையே காணாமப் போயிடும். அப்படி இருந்தா இன்டர்வெல்ல வெளிய வந்து மேனேஜர் கிட்ட போய், 'படம் மங்கலா இருக்கு, 3டி ஃபில்டர் முன்னாடி இருக்கா, பல்பு எப்போ மாத்துனீங்க'ன்னு இந்த ரெண்டு கேள்வியையும் மரியாதையா கேளுங்க. ஃபில்டர் தான் காரணம்னா ஆபரேட்டரால அங்கயே கழட்டிட முடியும், செகண்ட் ஆஃப் ஒழுங்கா பாக்கலாம்.