சி.ஆர்.ஓ.வின் கறுப்பு கிளிப்

இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) படித்த யாரும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் சோதனையைச் செய்யாமல் லேப்பைத் தாண்டி வந்திருக்க மாட்டார்கள். 230 வோல்ட்டை 9 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் நான்கு 4007 டையோடு, லோடாக, அதாவது மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் பகுதியாக, ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு பிரெட்போர்டு, அவ்வளவுதான். முன்னும் பின்னுமாக ஓடும் மின்னோட்டத்தை இந்த நான்கு டையோடும் ஒரே திசைக்குத் திருப்பிவிடும். வோல்டேஜை அலையாக வரைந்து காட்டும் கருவியான சி.ஆர்.ஓ.வின் (கேத்தோடு ரே ஆஸிலோஸ்கோப்) திரையில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மேடு தெரிய வேண்டும்.

ஆனால் ஏதாவது ஒரு மேஜையில் இரண்டில் ஒன்று காணாமல் போயிருக்கும். ஒரு மேடு, ஒரு வெற்றிடம், மறுபடி ஒரு மேடு என்று பாதி அலையை மட்டும் விடும் ஹாஃப் வேவ் சர்க்யூட் போலவே இருக்கும். கூடவே ஒரு டையோடு தொட்டால் சுடும். டையோடை மாற்றுவார்கள், பிரெட்போர்டில் இடத்தை மாற்றுவார்கள், டிரான்ஸ்ஃபார்மரைக்கூட மாற்றுவார்கள். ஒன்றும் நடக்காது. கடைசியில் லேப் அசிஸ்டென்ட் வந்து சி.ஆர்.ஓ.வின் ஒரு கேபிளைக் கழற்றுவார். காணாமல் போன மேடு திரும்பி வந்துவிடும்.

என்ன நடந்தது என்று பார்க்க, சி.ஆர்.ஓ. எப்படி வரைகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 1897இல் ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் பிரவுன் செய்த குழாய்தான் இதற்கு மூலம். எலக்ட்ரான் கற்றை ஒன்று திரையில் புள்ளியாக விழுகிறது. நாம் கொடுக்கும் வோல்டேஜ் அந்தப் புள்ளியை மேலும் கீழும் இழுக்கும். உள்ளேயே உருவாகும் ரம்பப்பல் அலை அதை இடமிருந்து வலமாக நகர்த்தும், விளிம்பைத் தொட்டதும் சட்டென்று திரும்பக் கொண்டுவரும். ஒவ்வொரு ஓட்டமும் அலையின் அதே இடத்திலிருந்து தொடங்கினால் படம் அசையாமல் நிற்கும். அதைக் கவனித்துக்கொள்வது டிரிகர். 1947இல் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தன் 511 மாடலில் இதை ஒழுங்காகச் செய்து காட்டியது. இப்போதைய டிஜிட்டல் ஸ்கோப்பில் எலக்ட்ரான் கற்றை இல்லை, ஆனால் டிரிகர் பட்டன் மட்டும் போகவில்லை.

சரி, அந்த வோல்டேஜ் எங்கிருந்து எங்கே அளக்கப்படுகிறது? வோல்டேஜ் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசம். கேபிள் முனையில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப் இருப்பது அதற்காகத்தான். ஆனால் இரண்டும் ஒரே ஜாதியல்ல. சிவப்புக்குப் பின்னால் 1 மெகா ஓம் தடை உட்கார்ந்திருக்கிறது, அதன் வழியே பெயருக்குத்தான் மின்னோட்டம் போகும். கறுப்புக்குப் பின்னால் எதுவும் இல்லை. அது நேராக சி.ஆர்.ஓ.வின் உலோக உடம்புக்குப் போகிறது, அங்கிருந்து மூன்று முள் பிளக் வழியாகக் கட்டடத்தின் எர்த்துக்குப் போகிறது. அலையை வாங்கும் வழி, அதாவது சேனல், இரண்டானாலும் உடம்பு ஒன்றுதான். அதாவது இரண்டு கறுப்பு கிளிப்பும் உள்ளுக்குள் ஒரே கம்பி.

இப்போது அந்த மேஜைக்குப் போவோம். இன்புட்டையும் அவுட்புட்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பார்த்து அப்சர்வேஷன் நோட்டில் வரைந்துவிடலாம் என்று இரண்டு சேனலையும் மாட்டியிருக்கிறார்கள். முதல் சேனல் டிரான்ஸ்ஃபார்மரின் 9 வோல்ட் பக்கமான செகண்டரியின் இரு முனைகளில், இரண்டாவது லோடின் இரு முனைகளில். நியாயமான ஆசைதான். ஆனால் செகண்டரியின் கீழ்முனையில் ஒரு கறுப்பு கிளிப், லோடின் நெகட்டிவ் முனையில் இன்னொன்று. அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு டையோடு இருக்கிறது. அதன் குறுக்கே கம்பி போட்ட மாதிரி ஆகிவிட்டது.

செகண்டரியின் மேல்முனை பாசிட்டிவாக இருக்கும் அரைச்சுற்றில் பெரிய கெடுதல் இல்லை. மின்னோட்டம் ஒரு டையோடு, லோடு என்று வந்து, அடுத்த டையோடுக்குப் பதில் கிளிப் வழியாகத் திரும்பிவிடும். கீழ்முனை பாசிட்டிவாகும் அரைச்சுற்றில்தான் வினை. அங்கிருந்து கிளம்பும் மின்னோட்டம் ஒரு கறுப்பு கிளிப்பில் ஏறி, சி.ஆர்.ஓ.வின் உடம்புக்குள் போய், இன்னொரு கறுப்பு கிளிப்பில் இறங்கி, எதிரே இருக்கும் ஒரே ஒரு டையோடு வழியாக மேல்முனைக்குப் போய்விடுகிறது. வழியில் லோடே இல்லை. சுத்தமான ஷார்ட் சர்க்யூட். லோடுக்குத் தேவை சுமார் 11 மில்லி ஆம்பியர்தான். இந்தக் குறுக்குவழியில் டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு தர முடியுமோ அவ்வளவும் பாயும். சுட்டது அந்த டையோடுதான், அதில் எந்தப் பழுதும் கிடையாது.

கூர்ந்து பார்த்தால் திரையிலேயே ஒரு தடயம் உண்டு. 9 வோல்ட் என்பது ஆர்.எம்.எஸ்., அதாவது அலையின் ஒருவகைச் சராசரி. அதன் உச்சம் 12.7 வோல்ட். இரண்டு டையோடு ஆளுக்கு 0.7 எடுத்துக்கொண்டால் மேடு 11.3 வோல்ட் இருக்க வேண்டும். கிளிப் ஒரு டையோடின் வேலையைப் பிடுங்கிக்கொண்டதால், மிஞ்சிய மேடு கணக்குப்படி 12 வோல்ட். ஒரு டையோடு உள்ளே அறுந்து ஓபனாகிப்போயிருந்தால் இந்த உயரம் வராது. அலை எப்படி வர வேண்டும் என்று காட்டும் மாடல் கிராஃபைப் பார்த்தபடியே வரைந்துவிட்டு எழுந்துபோகிறவர்கள் இதைக் கவனிக்க வாய்ப்பே இல்லை, அது வேறு கதை.

சில லேப்களில் இதற்கு ஒரு மோசமான வைத்தியம் பார்ப்பார்கள்: சி.ஆர்.ஓ. பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றிவிடுவது. இந்தப் பழுதுக்கு அது தீர்வே இல்லை, ஏனென்றால் இரண்டு கறுப்பு கிளிப்பும் சேர்வது எர்த்தில் அல்ல, உடம்பில். அப்புறம், உள்ளே எங்காவது இன்சுலேஷன் போனால் 230 வோல்ட் அந்த உலோக உடம்புக்கு வந்து, தொடுகிறவர் கைக்காகக் காத்திருக்கும்.

சரியான வழி எளிது. முதலில் இன்புட்டை மட்டும் பார்த்து வரைந்துகொள்ளலாம், பிறகு கேபிளை எடுத்து அவுட்புட்டில் மாட்டலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தே தீர வேண்டும் என்றால் நான்கு சேனல் ஸ்கோப் வேண்டும். கறுப்பு கிளிப்புகளை எல்லாம் லோடின் நெகட்டிவ் முனையில் மட்டும் மாட்டி, ஒரு சிவப்பை லோடின் மேல்முனையிலும், மற்ற இரண்டு சிவப்பைச் செகண்டரியின் இரு முனைகளிலும் வைத்து, பின்னவற்றில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கச் சொல்ல வேண்டும். இரண்டு சேனல்தான் இருக்கிறது என்றாலும் இன்புட்டை இப்படிப் பார்த்துவிடலாம்: பழைய சி.ஆர்.ஓ.வில் இரண்டாம் சேனலுக்கு அலையைத் தலைகீழாக்கும் இன்வெர்ட் பட்டனை அழுத்தி, இரண்டையும் கூட்டும் ஆட் போட்டால் கழித்தல், டிஜிட்டலில் மேத் மெனு. இரண்டு சேனலுக்கும் வோல்ட்ஸ் பெர் டிவிஷன், அதாவது திரையின் ஒரு கட்டத்துக்கு எத்தனை வோல்ட் என்ற அளவு, ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பழைய சி.ஆர்.ஓ.வில் கழித்து வரும் அலைக்கு அர்த்தமே இருக்காது.