முகக்கவசம் இன்னும் கட்டாயமா? வேலையிடம், கடை, மருத்துவமனை: எந்த விதி எங்கே செல்லும்

கொரோனா காலத்தில் ஒட்டிய அறிவிப்புகள் பல கட்டடங்களின் வாசலில் இன்னும் கிழிக்கப்படாமல் இருக்கின்றன. ‘முகக்கவசம் இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை’, ‘மீறினால் அபராதம்’, ‘தடுப்பூசிச் சான்றிதழ் காட்டவும்’. பெரும்பாலான இடங்களில் அது வெறும் காகிதம். சில அலுவலகங்களிலும் ஆலைகளிலும் மட்டும் அது இன்றும் விதியாகவே நடக்கிறது. அங்கே வேலை செய்பவரும் உள்ளே போக வேண்டியவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இது அரசு உத்தரவா, அந்த இடத்துக்காரர் தானாகப் போட்ட விதியா? பதிலைப் பொறுத்து உங்கள் உரிமை அடியோடு மாறும். தமிழ்நாட்டை வைத்து இதைப் பார்ப்போம்.

2020 மார்ச் 24 அன்று மத்திய அரசு 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் கையிலெடுத்து ஊரடங்கை அறிவித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு மத்திய அரசு போட்ட கட்டுப்பாடுகளுக்கு அந்தச் சட்டமே அடித்தளம். 2022 மார்ச்சில் மத்திய உள்துறைச் செயலாளர் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதினார். மார்ச் 31-ஓடு அந்த உத்தரவுகள் முடிகின்றன, அதற்குப் பிறகு நீட்டிப்பு இல்லை என்பது அதன் சாரம். முகக்கவசம், கைகழுவுதல் பற்றிய சுகாதார அமைச்சகத்தின் அறிவுரைகள் தொடரும் என்ற வரியும் அதே கடிதத்தில் இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ‘மாஸ்க்கை மத்திய அரசு எடுக்கவே இல்லை’ என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. தொடர்ந்தது அறிவுரைதான். அறிவுரையைக் கேட்காதவரைத் தண்டிக்க முடியாது.

மாநிலத்தின் கதை இன்னும் கொஞ்சம் நீளம். தமிழ்நாட்டில் நாம் கட்டிய அபராதங்கள் 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்தவை. 2020 செப்டம்பரில் அந்தச் சட்டத்தைத் திருத்தி அந்த இடத்திலேயே அபராதம் வசூலிக்க வழி செய்தார்கள். மூக்கும் வாயும் மூடும்படி முகக்கவசம் அணியாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500, விதிமுறையை மீறும் கடை, சலூன், ஜிம் போன்றவற்றுக்கு 5,000. 2022 ஜனவரியில் முகக்கவச அபராதம் 500 ஆனது. ஏப்ரல் தொடக்கத்தில் கட்டுப்பாடுகளை விலக்கினார்கள். அந்த மாதமே சென்னை ஐஐடியில் தொற்று பரவியதும் முகக்கவசமும் 500 ரூபாய் அபராதமும் திரும்பி வந்தன. ஒரே மாதத்தில் போனதும் வந்ததுமாக இருந்ததால்தான் ‘அது முடிந்ததா, இல்லையா’ என்ற குழப்பம் இன்றுவரை தீரவில்லை.

இன்றைய நிலை இது: தெருவிலோ பஸ்ஸிலோ கடையிலோ முகக்கவசத்துக்காக அபராதம் வசூலிக்கும் நடைமுறை இல்லை. ஆனால் 1939 சட்டம் உயிரோடு இருக்கிறது. நாளை ஒரு தொற்று கிளம்பினால் அரசு அதன் கீழ் மறுபடி உத்தரவு போடலாம். அப்போதும் பணம் வாங்கும் அதிகாரம், அரசு அதற்கென்று நியமித்த அலுவலர்களுக்கு மட்டுமே. மால் செக்யூரிட்டிக்கோ, அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கோ, கல்யாண மண்டப மேலாளருக்கோ அரசு அபராதம் வசூலிக்கும் அதிகாரம் இருந்ததே இல்லை. ரசீது தராமல் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

விமானத்தில் முகக்கவசம் கட்டாயம் இல்லை என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2022 நவம்பர் 16 அன்று சொல்லிவிட்டது. அணிவது நல்லது என்ற பரிந்துரை மட்டும் மிஞ்சியது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களில் நூற்றுக்கு இரண்டு பேரைப் பொறுக்கிப் பரிசோதித்த ஏற்பாடும் 2023 ஜூலை 20-ஓடு நின்றது. ரயிலில் 2021 ஏப்ரலில் வந்த 500 ரூபாய் அபராதம் ஆறு ஆறு மாதமாக நீட்டப்பட்டு 2022 ஏப்ரல் வரை ஓடியது. ரயில் நிலையத்தில் எச்சில் துப்புவதற்கான அபராதம் மட்டும் வேறு விதியின் கீழ் வருவது, கொரோனாவுக்கு முன்பிருந்தே உள்ளது, அது போகவில்லை.

தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கிறார்களா?

இதற்கு உச்ச நீதிமன்றத்தின் தெளிவான தீர்ப்பு இருக்கிறது. 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில், யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது என்றும், உடல் மீதான உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவுக்குள் வருகிறது என்றும் நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய் அமர்வு சொன்னது. தொற்று குறைவாக இருக்கும் வரை, தடுப்பூசி போடாதவர்கள் மீதான கட்டுப்பாடுகளை எல்லா அரசு அமைப்புகளும், தனியார் நிறுவனங்களும், கல்வி நிலையங்களும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. தனியார் நிறுவனங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தது முக்கியம். வேலைக்குச் சேரும்போது பழைய படிவத்தை நீட்டிச் சான்றிதழ் கேட்கும் இடத்தில் இந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதலாம்.

ஆனால் இந்தத் தீர்ப்பை முகக்கவசத்துக்கு எதிராக நீட்ட முடியாது. முகக்கவசம், இடைவெளி போன்ற நோய்த்தடுப்பு நடத்தை பற்றிய உத்தரவுகளை இது தொடவில்லை என்று தீர்ப்பே சொல்கிறது. சமூக வலைத்தளங்களில் பாதியை மட்டும் வெட்டிப் பரப்புகிறார்கள். அதை நம்பி மருத்துவமனை வாசலில் சண்டைக்கு நிற்காதீர்கள்.

மருத்துவமனை விஷயம் வேறு

2023 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் மருத்துவர், பணியாளர், நோயாளி, பார்க்க வருபவர் எல்லோருக்கும் முகக்கவசம் கட்டாயம் என்று அமைச்சர் மா. சுப்பிரமணியன் அறிவித்தார். அந்தக் கண்டிப்பு பின்னர் தளர்ந்தது. இருந்தாலும் காசநோய்ப் பிரிவு, டயாலிசிஸ், புற்றுநோய் வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகிய இடங்களில் முகக்கவசம் கேட்டால் அது கொரோனாவின் மிச்சம் அல்ல. காற்றில் பரவும் தொற்றைத் தடுப்பதற்கான தேசிய வழிகாட்டுதல் 2010-லேயே வந்துவிட்டது. இருமுபவர் முகத்தை மூட வேண்டும் என்பது அதில் இருக்கிறது. கீமோதெரபி எடுப்பவருக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சலே உயிருக்கு ஆபத்தாகலாம். அங்கே மருத்துவமனை விதிக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முகக்கவசம் கொண்டுவராத ஏழை நோயாளியை வாசலிலேயே திருப்பி அனுப்புவது மட்டும் நியாயமில்லை. அப்படி நடந்தால் நிலைய மருத்துவ அலுவலரிடம் சொல்லி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். புகாருக்கு 104 எண் இருக்கிறது.

வேலையிடம்

ஒரு நிறுவனம் தன் வளாகத்துக்குள் முகக்கவசம் அணியச் சொல்லலாமா? சொல்லலாம். மருந்து, உணவுப் பொருள், மின்னணு உதிரிபாகம் செய்யும் இடங்களில் அது உற்பத்தியின் தேவை. சாதாரண அலுவலகத்தில்கூட, ஊழியர்களிடையே காய்ச்சல் பரவும்போது நிர்வாகம் அப்படிக் கேட்பது தவறில்லை. தகராறு வருவது இரண்டு இடங்களில்: யார் செலவில், மீறினால் என்ன?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அதில் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய தொகுப்பு, வேலையிடத்தின் பாதுகாப்புக்காகவும் சுகாதாரத்துக்காகவும் செய்யப்படும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. நிர்வாகம் முகக்கவசத்தைப் பாதுகாப்பு விதி என்று கட்டாயமாக்கினால், அதை நிர்வாகமே தர வேண்டும் என்று கேட்க இது போதும். கேட்டில் பத்து ரூபாய்க்கு விற்றுவிட்டு உள்ளே விடுவது இந்த விதிக்கு நேர் எதிரானது.

சம்பளத்தில் பிடிப்பதற்கும் எல்லை உண்டு. ஊதியச் சட்டத் தொகுப்பின் 19-ஆவது பிரிவுப்படி, அரசின் முன் ஒப்புதல் பெற்று, எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தால் மட்டுமே அபராதம் விதிக்க முடியும். அதற்கு முன் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். ஒரு சம்பள காலத்தில் மொத்த அபராதம் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 12,000 ரூபாய் ஊதியம் என்றால் 360 ரூபாய்தான் உச்சம். தவணையாகப் பிடிக்கக் கூடாது, 90 நாள் கழித்தும் பிடிக்கக் கூடாது. வசூலான பணம் பதிவேட்டில் ஏற வேண்டும், தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும். ‘மாஸ்க் போடலை, ஐம்பது ரூபா கட்’ என்று சூப்பர்வைசர் நோட்டில் எழுதி வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. பழைய 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்திலும் இதே பாதுகாப்பு இருந்தது. பெரும்பாலான தொழிலாளர்களுக்கு அதை யாரும் சொன்னதில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது இதற்கு மறுபக்கம். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் பஞ்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கும், கல்குவாரி, கிரஷர் தொழிலாளர்களுக்கும் முகக்கவசம் கொரோனாவோடு வந்த பொருளல்ல. பஞ்சுத் தூசி பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோயைத் தரும். கல்தூசி சிலிக்கோசிஸைத் தரும். அதைக் குணப்படுத்த மருந்தில்லை. ‘கொரோனாதான் முடிஞ்சிடுச்சே’ என்று சொல்லி இந்த இடங்களில் முகக்கவசம் தருவதை ஒரு நிர்வாகம் நிறுத்தினால், அது சட்ட மீறல். தூசி கிளம்பும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவிலிருந்தே சொல்லி வருகிறார்கள். முகக்கவசம் அதற்குத் துணைதான், மாற்று இல்லை. அதிலும் கல்தூசிக்கு நீல நிற மருத்துவ முகக்கவசம் போதாது. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 வகையாவது வேண்டும். தருகிறார்களா என்பதோடு எதைத் தருகிறார்கள் என்பதையும் பாருங்கள். புகாரைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு அனுப்பலாம்.

அணிய விரும்புபவரைத் தடுக்கலாமா?

உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர், ஆஸ்துமா உள்ளவர், வீட்டில் வயதானவரை வைத்துப் பார்ப்பவர் என்று பலர் இன்றும் அணிகிறார்கள். முகக்கவசம் அணியக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. விமான நிலையம், வங்கி, தேர்வுக்கூடம் போன்ற இடங்களில் அடையாளம் பார்க்க ஒரு நிமிடம் இறக்கச் சொன்னால் இறக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். கடைகளிலும் ஓட்டல் வரவேற்பிலும் ‘வாடிக்கையாளர் தப்பா நினைப்பாங்க, கழட்டும்மா’ என்று மேலாளர் வற்புறுத்தினால், மருத்துவர் சீட்டு ஒன்றை இணைத்து எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். வாய்ப் பேச்சாக விட்டால் பிறகு நிரூபிக்க ஒன்றும் இருக்காது.

ஊரடங்கை மீறியதாகப் பதிவான பழைய வழக்குகள் பற்றி ஒரு வார்த்தை. 2021 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, சுமார் 10 லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக அறிவித்தார். வன்முறை, போலி இ-பாஸ் தொடர்பானவை மட்டும் விதிவிலக்கு. பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பிக்கும் முன், உங்கள் வழக்கு உண்மையிலேயே முடிக்கப்பட்டதா என்று காவல் நிலையத்தில் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு அலுவலகமோ ரேஷன் கடையோ பழைய பலகையைக் காட்டித் திருப்பி அனுப்பினால், ‘எந்த அரசாணை, எண் என்ன, தேதி என்ன’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின் கீழ், அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பம் அனுப்பலாம். ‘ஏன் இப்படிச் செய்கிறீர்கள்’ என்று எழுத வேண்டாம், அதற்குப் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை. ‘முகக்கவசம் இல்லாதவர்களுக்கு அனுமதி மறுக்க ஆதாரமான, தற்போது நடைமுறையில் உள்ள உத்தரவின் நகல் வேண்டும்’ என்று மட்டும் கேளுங்கள். 30 நாளுக்குள் நகல் வர வேண்டும், அல்லது அப்படி ஒன்று இல்லை என்ற பதில் வர வேண்டும். இரண்டும் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் மனு கொடுக்கலாம். அதற்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை.