வாடினால்தான் பிழைக்கும் கள்ளி

டிசம்பரில் டொரன்டோவின் பால்கனி ஒன்றில் இந்தச் சப்பாத்திக்கள்ளியைப் பார்த்தால் செத்துவிட்டது என்றே நினைப்பீர்கள். கோடையில் விறைப்பாக நின்ற மடல்கள் சுருங்கி, ஊதா பாய்ந்து, மண்ணோடு படுத்துக் கிடக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது குளிருக்குத் தயாராகிவிட்டது, அவ்வளவுதான்.

பெயர் ஒபன்ஷியா ஹ்யூமிஃபூசா. நம் வேலியோரக் கள்ளிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பாயின்ட் பீலி என்ற இடத்தில் தானாகவே வளர்கிறது. மைனஸ் 25 டிகிரியையும் தாங்கும்.

உடம்பு முழுக்கத் தண்ணீர் வைத்திருக்கும் செடி எப்படி உறைபனியில் பிழைக்கிறது? செல்லுக்குள் பனிக்கட்டி உருவானால் அதன் சவ்வு கிழியும். அதற்குப் பிறகு மீட்சி இல்லை. அதனால், பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதுமே கள்ளி தன் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறது. மிஞ்சிய சாற்றில் சர்க்கரை கூடி, உறைநிலை சற்றே இறங்குகிறது. அப்புறம் இருக்கிறது அந்தக் கொழகொழப்பு. மடலை வெட்டினால் கையில் ஒட்டுமே, அதேதான். செல்களுக்கு வெளியே இருக்கும் அந்தப் பசையில்தான் முதலில் பனி கட்டுகிறது. அது செல்லுக்குள் இருக்கும் நீரை மெல்ல வெளியே இழுக்க, செல் சுருங்குகிறதே தவிரக் கிழிவதில்லை.

ஆக, குளிரைவிட ஈரம்தான் இதற்கு எமன். அந்த வகையில் தோட்டத்தைவிடப் பால்கனியே மேல் என்பேன்: மேல்தளம் மழையையும் உருகும் பனியையும் தடுத்துவிடும். செப்டம்பரோடு தண்ணீரை நிறுத்திவிடுங்கள். மண்ணில் பாதிக்கு மேல் பொடிக்கல்லோ எரிமலைக்கல்லோ இருக்கட்டும். ஒரே சிக்கல், தொட்டிக்கு நாலு பக்கமும் குளிர் அடிக்கும். நிலத்தில் இருப்பதுபோல வேருக்குப் போர்வை இல்லை. ஆகவே உங்கள் ஊர்க் குளிரைவிடப் பத்து டிகிரி கூடுதலாகத் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்கி, சுவரோரமாக வையுங்கள். பாவம் பார்த்து வீட்டுக்குள் கொண்டுவந்தால், வெளிச்சம் போதாமல் வெளிறி நீளும்.

கொஞ்சம் ஈரம் பட்டாலும் பொறுத்துக்கொள்ளும் செடி வேண்டுமா? ஆல்ப்ஸ் மலைப் பாறைகளில் ரோஜா அடுக்காக வளரும் செம்பர்விவம் இருக்கிறது. தோட்டக்காரர்கள் இதைத் தங்கள் வீட்டுக் கூரையில் வளர்க்க வேண்டும் என்று இடைக்கால ஐரோப்பிய மன்னர் சார்லமேனின் ஆணையிலேயே இருக்கிறது. இடி விழாதாம்!

வசந்தத்தில் மடல்கள் நிமிரத் தொடங்கிய பிறகு தண்ணீர் ஊற்றலாம். தொட்டி மாற்றுவதானால் துணிக் கையுறையை நம்பாதீர்கள். மயிர்போன்ற பொடிமுள் அதிலேயே குத்தி நிற்கும். செய்தித்தாளைப் பட்டையாக மடித்து, மடலைச் சுற்றிப் பிடித்துத் தூக்குங்கள்.