ஆற்றுச் சேற்றில் பனியுருக்கத்தைத் தேடுவது எப்படி?

இலங்கையின் களனி ஆறு பெருக்கெடுக்கும் நாட்களில் முகத்துவாரத்துக்கு அப்பால் கடலைப் பார்த்தால், செம்பழுப்புத் தண்ணீர் வெகுதூரம் விரிந்து கிடக்கும். அந்த நிறம் அத்தனையும் மலைநாட்டிலிருந்தும் தாழ்நிலத்திலிருந்தும் கழுவப்பட்டு வந்த மண். அதில் ஒரு போத்தல் மொண்டு அசையாமல் வைத்துப் பாருங்கள். 20 சென்ரிமீற்றர் உயரத் தண்ணீரில் 63 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள மணல் மணி ஒரு நிமிடத்துக்குள் அடியைத் தொட்டுவிடும். 2 மைக்ரோமீற்றர் களித் துணிக்கைக்கு அதே தூரம் இறங்க 12 மணித்தியாலம் தேவை. விழும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதால்தான் இவ்வளவு வித்தியாசம். கடலுக்குள் போனதும் உப்பு இன்னொரு வேலை செய்கிறது: களித் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, நன்னீரில் இறங்குவதைவிட விரைவாக அமிழ்கின்றன. ஆற்றுவாய்க்கு வெளியே கடலடியில் சேரும் ஒவ்வொரு படையும், அது படிந்த காலத்தில் ஆறு எவ்வளவு வலுவாக ஓடியது, எந்த நிலத்தை அரித்தது என்ற செய்தியோடுதான் படிகிறது. பனியுகத்தின் பனி உருகி ஓடிய கதையையும் இத்தகைய ஆற்றுவாய்ச் சேற்றில்தான் தேடுகிறார்கள்.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கனடாவின் பெரும்பகுதியையும் ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதியையும் லோரென்டைட் என்ற பனிக்கட்டிக் கவிப்பு மூடியிருந்தது. ஸ்கண்டிநேவியாவை இன்னொன்று மூடியிருந்தது. அவ்வளவு நீர் தரையில் உறைந்து நின்றதால், உலகக் கடல் மட்டம் இன்றையதைவிட 120 மீற்றருக்கும் கீழே இருந்தது. பிறகு அந்தப் பனி உருகிக் கடலுக்குள் போனது. எந்த நூற்றாண்டில் எவ்வளவு போனது, எந்த வழியாகப் போனது என்பதற்குப் பனி தன் இடத்தில் விட்டுச்சென்ற சான்று மிகக் குறைவு. நகரும் பனிக்கட்டி தான் முன்பு விட்ட தடங்களைத் தானே துடைத்துவிடும். சான்று நிலைத்திருப்பது அதன் தண்ணீரைச் சுமந்த ஆறுகளின் வாயில். மிசிசிப்பி அந்த நீரை மெக்சிக்கோ வளைகுடாவுக்குக் கொண்டுபோனது. கடல் தாழ்ந்திருந்ததால் ஆங்கிலக் கால்வாய் அப்போது தரையாக இருந்தது. தேம்ஸ், சேன், ரைன் மூன்றும் அந்தத் தரையின் வழியே ஒரே பேராறாகக் கூடி பிஸ்கே விரிகுடாவின் பக்கம் இறங்கின. அங்கே கடலடிச் சேற்றில், சுமார் 18,000 முதல் 17,000 ஆண்டுகளுக்கு முந்திய பகுதி மில்லிமீற்றர் கனமான மெல்லிய படைகளாக அடுக்கடுக்காக இருக்கிறது. கோடைதோறும் வந்த உருகுநீர் வெள்ளத்தின் பதிவு அது.

சேற்றை மேலே கொண்டுவருவதிலேயே முதற் பிழைகள் நேரும். ஆழ்கடலில் இதற்கு ஆடுதண்டுத் துளைகுழாய் பயன்படுகிறது: பாரமான உருக்குக் குழாய்; உள்ளே பிளாஸ்டிக் உறை; அதற்குள் ஓர் ஆடுதண்டு. குழாய் சேற்றுக்குள் இறங்கும்போது ஆடுதண்டு கடலடி மட்டத்திலேயே நின்று உறிஞ்சல் கொடுப்பதால், நீளமான மண்தண்டு கலையாமல் உள்ளே ஏறுகிறது. ஆனால் அந்த உறிஞ்சல் அளவு மீறினால் மேற்பகுதி இழுபட்டு நீண்டுவிடும். மிக மேலேயுள்ள சில பத்துச் சென்ரிமீற்றர் முழுதாகவே தொலைந்துபோவதும் உண்டு. அதனால் அதே இடத்தில் ஒரு குட்டைக் குழாயையும் தனியாக இறக்கி மேற்பரப்பை எடுத்து, இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும். மேலே வந்ததும் மீற்றர் அளவுத் துண்டுகளாக வெட்டி, மேல்–கீழ் குறியிட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி ஆய்வுக்கு. மறுபாதி தொடாமல் 4 பாகை செல்சியஸ் குளிரறையில்.

பிளந்த முகத்தை மழித்து, மெல்லிய படலம் போர்த்தி, எக்ஸ் கதிர் ஒளிர்வு வருடியின் கீழ் மில்லிமீற்றர் மில்லிமீற்றராக நகர்த்தினால் மூலகங்களின் வரைபு கிடைக்கும். தரையிலிருந்து வந்த மண்ணுக்கு டைட்டானியம் அடையாளம். கடலுயிர் ஓடுகளுக்குக் கல்சியம். இரண்டின் விகிதம் கூடினால் ஆற்றின் பங்கு கூடியது என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது. ஆறு அப்படியே இருக்க, கடலில் ஓட்டுயிர்கள் குறைந்தாலும் அதே விகிதம் கூடும். இந்த வரைபு எந்தப் படையில் மாதிரி எடுக்கலாம் என்று காட்டுமே தவிர, தன்னளவில் எதையும் நிறுவாது.

மண் எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் அடுத்த வேலை. பனிக்கட்டி பாறையை அரைத்து மாவாக்கும். வேதி மாற்றம் அதிகம் நடக்காது. அதனால் பனியாற்று மாவில் இலைற், குளோரைற் போன்ற களிக்கனிமங்கள் மிகுந்திருக்கும். நம் ஈரவலயத்தில் நிலைமை நேர்மாறு: மழையும் வெப்பமும் பாறையைக் கரைத்துச் சிதைப்பதால் கயோலினைற்று மிகுகிறது. இதைவிடக் கூர்மையான சான்று நியோடிமியம் என்ற மூலகம் (கீழே மூலகப் பெயருக்குப் பின் வரும் எண் அணுவின் திணிவைக் குறிக்கும்). சமாரியம் 147 மிக மெதுவாகச் சிதைந்து நியோடிமியம் 143 ஆகிறது. கண்டப் பாறை உருவானபோது அதில் சமாரியம் ஒப்பீட்டளவில் குறைவாகவே சேர்ந்ததால், பாறை எவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு அதன் நியோடிமியம் 143க்கும் நியோடிமியம் 144க்கும் இடையிலான விகிதம் உலகச் சராசரியைவிடப் பின்தங்கியிருக்கும். கனடாவினதும் பால்டிக்கினதும் மிகப் பழைய பாறைகள் ஒரு எண்ணைத் தரும்; மத்திய ஐரோப்பாவின் இளைய பாறைகள் வேறொன்றைத் தரும். சேற்றின் எண் பழைய பாறையின் பக்கம் சாய்ந்தால், பனிக்கவிப்பின் அடியிலிருந்த நிலம் அப்போது அரிபட்டுக்கொண்டிருந்தது என்று பொருள். ஆனால் அளப்பதற்கு முன் ஓட்டுக் கல்சியத்தை மென்னமிலத்தால் நீக்கவேண்டும். மணிகளைப் பூசியிருக்கும் இரும்பு–மங்கனீசு ஒட்சைட்டையும் கழற்றவேண்டும். அந்தப் பூச்சு கடல்நீரின் நியோடிமியத்தைச் சுமக்கிறது. விட்டுவிட்டால் ஆற்றையும் கடலையும் கலந்த ஒரு எண்தான் கிடைக்கும்.

மண்ணின் பிறப்பிடம் தெரிந்தாலும் தண்ணீர் எது என்பது தெரியாது. இந்தக் கேள்விக்குத்தான் ஒட்சிசன் விடை தருகிறது. இந்த ஆய்வின் உயிர்நிலை என்று நாம் கருதுவதும் இதையே. ஒட்சிசன் 18 கொண்ட நீர் ஒட்சிசன் 16 கொண்டதைவிடப் பாரம் கூடியது; மழையாகவோ பனியாகவோ முதலில் விழுந்துவிடும். மேகம் துருவத்தை நெருங்கும்போது அதில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இலேசான நீர். அந்தப் பனி இறுகி உண்டான கவிப்பில், கடல்நீரோடு ஒப்பிட்டால், ஒட்சிசன் 18 ஆயிரத்துக்கு 30 அல்லது அதற்கும் மேல் குறைந்திருக்கும். இப்போது கணக்கைப் பாருங்கள். கடல் மேற்பரப்பில் இந்த உருகுநீர் பத்தில் ஒரு பங்கு கலந்தால், கலவை ஆயிரத்துக்கு 3 குறையும். ஆயிரத்துக்கு 5 மட்டுமே குறைந்த வெப்பவலய மழைநீரால் அதே மாற்றம் வரவேண்டுமென்றால், பத்தில் ஆறு பங்கு கலக்கவேண்டும். சாதாரண வெள்ளத்தையும் பனியுருக்கத்தையும் பிரித்தறிய இந்த வித்தியாசமே உதவுகிறது.

மேற்பரப்பு நீரில் மிதந்து வாழும் ஃபோராமினிஃபெரா என்ற ஓருகல உயிர்கள் தம் கல்சைற்று ஓட்டில் அந்த நீரின் ஒட்சிசனைப் பூட்டிவைக்கின்றன. செத்ததும் ஓடு சேற்றில் விழும். சேற்றை 63 மைக்ரோமீற்றர் அரிதட்டில் கழுவி உலர்த்தி, நுணுக்குக்காட்டியின் கீழ் ஈரத் தூரிகையால் ஒரே இனத்தின், ஏறத்தாழ ஒரே பருமனுள்ள ஓடுகளைப் பொறுக்குவார்கள். பருமன் மாறினால் உயிரின் வயதும் அது வாழ்ந்த ஆழமும் மாறும், எண்ணும் மாறும். பொறுக்கிய ஓட்டைப் பொசுபோரிக் அமிலத்தில் கரைத்து, வரும் காபனீரொட்சைட்டைத் திணிவு நிறமாலைமானியில் அளப்பார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. நீர் ஒரு பாகை சூடானாலும் ஓட்டின் ஒட்சிசன் 18 ஆயிரத்துக்கு 0.2 அளவு குறையும். ஆயிரத்துக்கு 3 மாற்றத்தை வெப்பத்தால் மட்டும் விளக்க ஏறத்தாழ 15 பாகை சூடேறவேண்டும். வெப்பவலயக் கடலில் அது நடக்காது. சிறிய மாற்றங்களில்தான் குழப்பம். அதற்காக அதே ஓட்டில் மக்னீசியத்துக்கும் கல்சியத்துக்கும் உள்ள விகிதத்தையும் அளக்கிறார்கள். வெப்பம் ஒரு பாகை ஏற அந்த விகிதம் ஏறக்குறைய 9 வீதம் ஏறும். வெப்பத்தின் பங்கைக் கழித்தால் நீரின் பங்கு மிஞ்சும். இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். ஓட்டின் அறைகளுக்குள் சிக்கிய களியில் மக்னீசியம் நிறைய. மெதனோலாலும் மீயொலியாலும் பலமுறை கழுவாவிட்டால் நீர் இருந்ததைவிடச் சூடாகத் தோன்றும். கழித்ததும் உருகுநீர்க் குறி சுருங்கிவிடும். உருகுநீர் வந்த படைகளில்தான் களியும் அதிகம் என்பதால், தேடும் பொருள் இருக்கும் இடத்திலேயே அது மறைந்துபோகும்.

இந்த வழியை மெக்சிக்கோ வளைகுடாவில் முதலில் காட்டியவர்களில் ஜேம்ஸ் கெனட், நிக்கலஸ் ஷக்கிள்டன் இருவரும் முக்கியமானவர்கள், ஆண்டு 1975. பின்னாளில் அங்குள்ள ஓர்கா என்ற கடலடிப் பள்ளம் இந்த ஆய்வுக்குப் பேர்பெற்றது. அதன் அடிநீர் கடும் உப்பாகவும் ஒட்சிசன் இல்லாமலும் இருப்பதால் புழுக்கள் வாழ்வதில்லை. படைகள் கலையாமல் கிடக்கின்றன. அங்கே உருகுநீர்க் குறி சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் ஓய்கிறது. உருகுநீர் மிசிசிப்பியை விட்டுக் கிழக்கே செயின்ட் லோரன்ஸ் ஆற்றின் வழியாகவோ வடக்கே மக்கென்சி ஆற்றின் வழியாகவோ திரும்பியது என்பது விளக்கம். எந்த வழி என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

புழுக்களை இலேசாக எண்ணவேண்டாம். திறந்த கடலடியில் அவை மேல் 10 சென்ரிமீற்றரைக் கிளறிக்கொண்டே இருக்கும். ஆயிரம் ஆண்டுக்கு 10 சென்ரிமீற்றர் படியும் இடத்தில் அந்தக் கிளறல் ஆயிரம் ஆண்டுகளை ஒன்றாகக் குழைத்துவிடும். சுமார் 14,600 ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல் மட்டம் ஒரு சில நூற்றாண்டுகளுக்குள் பத்து மீற்றருக்கும் மேல் உயர்ந்தது. அத்தகைய நிகழ்வைப் பார்க்க, ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மீற்றர் அளவில் சேறு படிந்த இடம் வேண்டும்.

காலக்கணிப்பில் வரும் பிழை மற்ற எல்லாப் பிழையையும் விழுங்கிவிடும். வயதைக் கணிக்க உதவும் கதிர்க்காபனின் அரைவாழ்வு 5,730 ஆண்டுகள். 50,000 ஆண்டுகள் வரை பயன்படும். சேற்றை மொத்தமாக எடுத்து அளந்தால் வயது கூடிவரும். பனி அரித்த பழைய பாறையின் காபனும் அதில் சேர்ந்திருக்கும். ஓடுகளை மட்டும் அளந்தாலும், கடல்நீரின் காபன் வளியினதைவிடப் பழையது என்பதால் பல நூறு ஆண்டுகளைத் திருத்தவேண்டும். இவற்றோடு சரிவுப் படைகளும் உண்டு. கடலடிச் சரிவு ஒன்று சில மணித்தியாலத்தில் 30 சென்ரிமீற்றர் கொட்டிவிடும். ஆயிரம் ஆண்டுக்கு 10 சென்ரிமீற்றர் என்ற கணக்கில் அதை மூவாயிரம் ஆண்டு என்று எண்ணினால் கணக்கு முழுவதும் சாயும். சரிவுப் படையில் பருமணி அடியில் தொடங்கி மேலே நுண்மையாகும். ஆற்று வெள்ளப் படையோ பெரும்பாலும் முதலில் பருத்து, வெள்ளம் வடிய மறுபடி நுண்மையாகும். சுவீடனில் ஜெராட் டி கியர் என்ற புவிச்சரிதவியலாளர் ஆண்டுப் படைகளை ஒன்றொன்றாக எண்ணிப் பனி பின்வாங்கிய காலத்தை 1912இல் வெளியிட்டபோது கதிர்க்காபன் முறையே கிடையாது. அவர் எண்ணியவை பனியின் விளிம்பை ஒட்டி நின்ற நீரில் படிந்த களிகள். அங்கே கோடைப் படை பருமணியாயும் மாரிப் படை நுண்களியாயும் தெளிவாகப் பிரிந்திருக்கும்.

அந்தப் பனியுகத்தில் இலங்கையில் பனிக்கவிப்பு இருக்கவில்லை. ஆனாலும் வட அத்திலாந்திக்கில் நன்னீர் கொட்டியபோது அங்கே கடல்நீர் அமிழ்வது தளர்ந்து, வெப்பம் வடக்கே போவது குறைந்து, வெப்பவலய மழைப்பட்டி தெற்கே நகர்ந்தது. இந்தியப் பருவக்காற்று வலுவிழந்தது. வங்காள விரிகுடாச் சேற்றில் அது தெரிகிறது. பனியுகம் முடிந்து பருவக்காற்று வலுத்ததும், 11,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை, கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவந்த அடையல் இன்றையதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். 2015இல் ஜோய்டஸ் ரெசலூஷன் என்ற கடலடி துளைக்கும் ஆய்வுக் கப்பல் 8 பாகை வட அகலக்கோட்டில், 320 கிலோமீற்றர் நீளத்தில், 7 இடங்களில் வங்காள விசிறியை (அந்த ஆறுகளின் அடையல் கடலடியில் விசிறிபோல் பரந்த படிவை) துளைத்துவிட்டுக் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. ஏன் 7 இடம்? விசிறியில் அடையல் கொட்டும் வாய்க்கால்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே துளையில் பல ஆயிரம் ஆண்டுகள் வெற்றாகிவிடலாம். அதை வறட்சி என்று படித்தால் பிழை.

கொழும்பைச் சுற்றி, உருகிய பனியால் கடல் ஏறிவந்த தடத்தைச் சேற்றில் தேடுவதாக இருந்தால் களனியின் படுக்கையில் துளைக்க வேண்டாம். மணல் அகழ்வு படுக்கையைப் பலமாகத் தாழ்த்திவிட்டது. உவர்நீர் அம்பத்தளை வரை ஏறியதற்கும் அதுவே காரணம். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் மேல்நாட்டு மண்ணில் ஒரு பகுதியைப் பிடித்துவைக்கின்றன. முத்துராஜவெல போன்ற சதுப்பே பொருத்தம். அங்கே கையால் இறக்கும் அரைவட்டத் துளைகருவி போதும்: அரை மீற்றர் அறை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை, ஒன்றின் துண்டுகள் மற்றதன் இடைவெளியை மூடும்படி 10 சென்ரிமீற்றர் மேற்படிய எடுக்கவேண்டும். டயற்றம் என்பது கண்ணாடி போன்ற ஓடுள்ள நுண்பாசி; நன்னீர் டயற்றம்கள் உவர்நீர் டயற்றம்களுக்கு இடம்விடும் ஆழம், ஏறிவந்த கடல் அந்த இடத்தைத் தொட்ட மட்டம். அந்த மட்டத்துக்கு வயது காண்பதற்கு, சதுப்பின் நடுவே கிடக்கும் முற்றாநிலக்கரியை (அரைகுறையாக மக்கிய தாவரப் படிவை) எடுக்கக் கூடாது. அது தன் மேலுள்ள பாரத்தால் நசுங்கி, உருவான இடத்தைவிடப் பல மீற்றர் கீழிறங்கியிருக்கலாம். கடல் இருந்ததைவிடத் தாழ்வாக இருந்ததாகக் காட்டிவிடும். கெட்டித் தரையின் மேல் நேரடியாக அமர்ந்த முற்றாநிலக்கரிப் படையின் அடியிலுள்ள கடைசி ஓரிரு சென்ரிமீற்றரையே வெட்டி, அதிலுள்ள விதையையோ இலையையோ தனியே பொறுக்கி அனுப்பவேண்டும். வேர் கூடாது, மேலிருந்து பின்னாளில் இறங்கிய வேர் வயதைக் குறைத்துவிடும்.