பதினாறு கோர் வாங்கும் முன், உங்கள் வேலை எங்கே திணறுகிறது என்று பாருங்கள்

கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் சில மாதங்களுக்கு முன் தன் சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். வேறொரு கடையில் அசெம்பிள் செய்தது, பதினாறு கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பிரிவுதான் கோர்) ப்ராசசர், கையில் இருந்த சேமிப்போடு கொஞ்சம் கடனும் சேர்த்து வாங்கியது. "அண்ணா, பழைய சிஸ்டத்துலயும் டைம்லைன் திக்குச்சு, இதுலயும் திக்குது. ப்ராசசர்ல ஏதோ கோளாறு, பாருங்க" என்றார். நான் பார்த்தவரை ப்ராசசர் நன்றாகத்தான் இருந்தது. அவர் கேமரா பதிவு செய்வது எச்.265, 10 பிட், 4:2:2 வகை வீடியோ, அதாவது நிறத் தகவல் அதிகமாக இருந்தும் நன்றாகச் சுருக்கி வைத்த கோப்பு. அதை விரித்துக் காட்டும் வன்பொருள் வசதி அந்த ப்ராசசரின் உள்கிராபிக்ஸிலும் இல்லை, முந்தைய தலைமுறை கிராபிக்ஸ் கார்டிலும் இல்லை. பாரம் முழுக்க மென்பொருள் வழியாக கோர்களின் தலையில் விழுந்தது, பதினாறு இருந்தும் முழி பிதுங்கியது. அன்றைக்கே ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் பயன்படுத்தும் இலகுவான நகல் வீடியோ) உருவாக்கி எடிட் செய்யச் சொல்லிக் கொடுத்தேன், திக்கல் நின்றுவிட்டது. அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

பத்துப் பதினைந்து வருடங்களாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன். கொட்டேஷன் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேரின் முதல் கேள்வி "எத்தனை கோர் சார்?" என்பதுதான். என்ன வேலை, எந்த மென்பொருள், எந்த இடத்தில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் நான் கேட்டால்தான் வரும், சில கடைகளில் அதையும் கேட்பதில்லை. இதில் வீணாகும் பணம் சின்னதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில், இப்போது கையில் இருக்கும் சிஸ்டத்தில் ஒரு வாரம் கவனியுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்பார்மன்ஸ் பக்கத்தில் சிபியு வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் ப்ராசசர்ஸ் என்று மாற்றி வையுங்கள். மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். 32 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை, பல ப்ராசசர்களில் கோருக்கு இரண்டு) உள்ள ப்ராசசரில் ஒரே ஒரு த்ரெட் மூச்சுமுட்ட ஓடினால் மொத்தக் கணக்கில் 3 சதவீதம்தான் காட்டும், நாமும் சிபியு சும்மாதானே இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். அந்த ஒரு வேலையையும் விண்டோஸ் கோர் விட்டுக் கோர் மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால் ஒரு கட்டம் மட்டும் எப்போதும் உச்சியில் நிற்காது. ஆனால் எல்லாக் கட்டங்களும் ஒன்றாக நிரம்புகிறதா, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துள்ளுகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். எல்லாம் நிரம்பி, அப்படியே பல நிமிடம் நின்றால் உங்களுக்குக் கூடுதல் கோர் பலன் தரும். துள்ளினால் கோர் எண்ணிக்கையைக் கூட்டிப் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஒரு கோரின் வேகம்தான் கூட வேண்டும். இரண்டுமே இல்லாமல் கிராபிக்ஸ் கார்டோ டிஸ்க்கோ 100 காட்டினால், பணம் போக வேண்டிய இடம் அதுதான்.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது, 1967இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதத்திலிருந்து வந்தது. ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கை ஒருவரே வரிசையாகத்தான் செய்ய முடியும் என்று வைத்துக்கொள்வோம். 8 கோர் போட்டால் வேகம் 4.7 மடங்கு, 16 போட்டால் 6.4 மடங்கு. பாதி வேலை அப்படி வரிசையில் நிற்பதாக இருந்தால் 8 கோரில் 1.78 மடங்கு, 16 கோரில் 1.88 மடங்கு, அவ்வளவுதான். ஆட்டோகேடில் வரைவது, ஃபோட்டோஷாப்பில் பெரும்பாலான வேலை, கனமான எக்செல் கோப்பில் மேக்ரோ ஓட்டுவது எல்லாம் ஏறக்குறைய இந்த இரண்டாவது வகை.

அப்படியானால் யாருக்கு நிறைய கோர் வேண்டும்? வீடு, அலுவலகங்களுக்கு த்ரீடி காட்சி செய்து கொடுக்கும் என் வாடிக்கையாளர் ஒருவருக்கு நான் தயங்காமல் பதினாறு கோர் போட்டுக் கொடுத்தேன். அவர் ரெண்டர் செய்வது, அதாவது மாடலை முழுப் படமாகக் கணக்கிட்டு எடுப்பது, கொரோனா என்ற மென்பொருளில், அது முழுக்க ப்ராசசரிலேயே ஓடுவது. ரெண்டர் ஆரம்பித்தால் அத்தனை த்ரெட்டும் நிரம்பி நிற்கும், கோர் கூடக் கூட நேரம் குறைவதைக் கடிகாரத்தில் பார்க்கலாம். ஆனாலும் பகல் முழுக்க அவர் 3டிஎஸ் மேக்ஸ் மென்பொருளில் மாடல் செய்வது பெரும்பாலும் ஒரே கோரில்தான், அதனால் கோர் அதிகமாக இருந்து தனிக் கோர் மெதுவாக இருக்கும் பழைய சர்வர் ப்ராசசரை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியிருந்தால் பகல் வேலை பாழாகியிருக்கும். பெரிய நிரல்களை கம்பைல் செய்கிறவர்களுக்கும் (எழுதிய நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றுகிறவர்களுக்கும்) கோர் பலன் தரும், கூடவே ரேமும் வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு கோரும் தனித்தனிக் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு ரேமைத் தின்னும். ஆண்ட்ராய்டின் மூலநிரலைக் கட்ட 64 ஜிபி ரேம் வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. 16 கோரும் 16 ஜிபி ரேமுமாக வரும் கொட்டேஷனைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கேமிங் விஷயம் கொஞ்சம் வேறு. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் இருப்பது 8 கோர்தான், பெரிய கேம்களை அந்த அளவை மனதில் வைத்தே எழுதுகிறார்கள். கேமுக்குக் கோர் எண்ணிக்கையை விடப் பக்கத்திலேயே இருக்கும் கேஷ் நினைவகம்தான் அதிகம் உதவுகிறது. ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி வெறும் 8 கோர், ஆனால் 96 எம்பி எல்3 கேஷ். அதே தலைமுறையின் 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ், பெரும்பாலான கேம்களில் அதற்குப் பின்னால்தான் நிற்கிறது. 16 கோர் ரைசன் என்பது உள்ளே இரண்டு 8 கோர் சில்லுகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போய்வர நேரம் ஆகும்.

பகலில் ரெண்டர், ராத்திரி கேம், இரண்டும் ஒரே சிஸ்டத்தில் வேண்டும் என்றால் 2025 மார்ச்சில் வந்த 9950எக்ஸ்3டி பொருந்தும். ஒன்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்: கூடுதல் கேஷ் இரண்டு சில்லுகளில் ஒன்றின் மேல்தான் இருக்கிறது, கேமை அந்தப் பக்கம் அனுப்பும் வேலையை சிப்செட் டிரைவரும் விண்டோஸோடு வரும் கேம் பார் என்ற செயலியும் சேர்ந்துதான் செய்கின்றன. கேம் பாரைத் தேவையில்லை என்று நீக்கிவிட்டு, பழைய விண்டோஸை அப்படியே புதிய போர்டில் மாட்டி ஓட்டினால் கேம் தவறான பக்கம் போகலாம். விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது.

இன்டெல் பக்கம் கோர் அல்ட்ரா 9 285கேயில் 24 கோர் என்று போட்டிருக்கும். அதில் 8 பெரியவை, 16 சிறியவை, ஒரு கோரில் இரண்டு த்ரெட் ஓட்டும் ஹைப்பர்த்ரெடிங் இல்லாததால் த்ரெட்டும் 24தான். அங்கே 24, இங்கே 16 என்று எண்ணை வைத்து ஒப்பிடவே முடியாது. ஆனால் முதலில் சொன்ன எடிட்டர் தம்பி போன்றவர்களுக்கு இன்டெல் உள்கிராபிக்ஸ் உண்மையாகவே கைகொடுக்கும், அந்த எச்.265 4:2:2 வீடியோவை வன்பொருளிலேயே விரிக்கும் வசதி அதில் இருக்கிறது. எஃப் என்று முடியும் மாடல்களில் உள்கிராபிக்ஸ் கிடையாது, கொஞ்சம் பணம் மிச்சம் என்று அதை எடுத்துவிடாதீர்கள். என்விடியா 50 வரிசை கார்டு இருந்தால் அதிலும் இந்த வசதி உண்டு.

இந்தப் பெரிய ப்ராசசர்களைத் தாங்கும் மற்ற பாகங்களில்தான் பலர் கையைச் சுருக்குகிறார்கள். 9950எக்ஸுக்குக் குறிப்பிட்டிருப்பது 170 வாட், முழு பாரத்தில் 230 வாட் வரை இழுக்கும். 285கே 250 வாட் வரை போகும். சென்னையில் மே மாதம், ஏசி இல்லாத மாடி அறையில், மலிவான கூலரையும் காற்று போகாத கண்ணாடி கேபினட்டையும் வைத்தால் ப்ராசசர் சூட்டுக்குப் பயந்து தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், கொடுத்த காசுக்கு உண்டான வேகம் கிடைக்காது. 9950எக்ஸுக்கு பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடு போட்டு 105 வாட் வகைக்கு இறக்கினால் உச்ச இழுவை 142 வாட்டில் நிற்கும். ரெண்டர் நேரம் கொஞ்சம் கூடும், ஆனால் மின்சாரம் குறைகிற அளவுக்கு வேகம் குறையாது. ஏசி இல்லாத அறைக்கு நான் அப்படித்தான் செட் செய்து கொடுக்கிறேன்.

யூபிஎஸ்ஸையும் பாருங்கள். வீட்டில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும், ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் அது அதிக நேரம் பிடிக்காது. ரேமை இரண்டு குச்சியாக வாங்குங்கள். ரைசன் 9000இல் இரண்டு குச்சிக்கு அதிகாரபூர்வ வேகம் 5600, நான்கு மாட்டினால் 3600க்கு இறங்கிவிடும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று 16 ஜிபி குச்சிகளில் ஆரம்பிப்பதை விட முதலிலேயே இரண்டு 32 போடுவது மேல்.

அப்புறம் செகண்ட் ஹேண்ட். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை ஐ9, ஐ7 ப்ராசசர்கள் மலிவாக வருகின்றன. தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய் அவை நிலைகுலையும் பிரச்சினையை 2024 ஜூலையில் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் மைக்ரோகோட் (ப்ராசசரின் உள்கட்டளைகள்) திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. திருத்தம் வந்தாலும் ஏற்கெனவே கெட்டது சரியாகாது. கேம் திறக்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று பிழை வருவது, பெரிய ஜிப் கோப்பை விரிக்கும்போது பாதியில் நிற்பது இதன் அடையாளங்கள், பலர் கிராபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகப்படுவார்கள். பில்லும் வாரண்டியும் கைமாறாமல் இவற்றை வாங்காதீர்கள்.

புதிதோ பழையதோ, கடைக்குப் போகும்போது உங்கள் ப்ராஜெக்ட் ஒன்றை எஸ்எஸ்டியில் எடுத்துப் போங்கள். அசெம்பிள் முடிந்ததும் பணத்தை முழுதாகக் கொடுக்கும் முன் அதையே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லி, ஆரம்பத்தில் இருந்த கிளாக் வேகமும் முப்பதாவது நிமிடத்தில் இருக்கும் வேகமும் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டின் மதிய வெயில் நேரத்தில் ஓட்டச் சொன்னால் இன்னும் நல்லது.