கெர்னல் விழுந்த இடம் ஒன்று, பிழை வேறொன்று

2024 ஜூலை 19, இந்திய நேரம் காலை 9:39. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சின்னக் கோப்பை அனுப்பியது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் போய் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

சாதாரண செயலி ஒன்று தவறான நினைவக முகவரியைத் தொட்டால், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அதை மட்டும் மூடிவிடும். கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருளில் இருப்பதுபோல, கெர்னலுக்குள்ளேயே ஓடும் டிரைவர் என்ற நிரல் அதைச் செய்தால் தட்டிக்கேட்க மேலே ஆளில்லை. ஓடவிட்டால் வட்டில் உள்ள தரவும் கெடலாம் என்பதால் விண்டோஸ் வேண்டுமென்றே நின்றுவிடுகிறது. நிற்கும் முன் நினைவகத்தில் இருந்ததை வட்டில் எழுதிவைக்கும். அதுதான் கிராஷ் டம்ப். எந்தக் கட்டளையில் விழுந்தது, ரெஜிஸ்டர்களில் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) என்ன இருந்தது, எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு அங்கே வந்தது என்பதை அதிலிருந்து படிக்கலாம்.

அன்று டம்ப்பின் ஒரு துண்டை மட்டும் பார்த்த சிலர், “நல் பாயிண்டர்தான் (முகவரி இருக்க வேண்டிய இடத்தில் சுழியம்), ஒரு சோதனை போட்டிருந்தால் போதும்” என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். பிறகு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அலசல் வேறு கதை சொன்னது. ஆர்8 ரெஜிஸ்டரில் உள்ள முகவரியைப் படிக்கப் போன கட்டளையில்தான் டிரைவர் விழுந்திருந்தது. ஆர்8 சுழியமா என்ற சோதனை அதற்கு முன்பே இருந்தது! ஆனால் உள்ளே இருந்தது சுழியமல்ல, முகவரி போலவே தோன்றிய குப்பை.

சரி, குப்பை எங்கிருந்து வந்தது? டம்ப் அதுவரைதான் கொண்டுவிடும். மீதியை மூல நிரலில் தேட வேண்டும். அனுப்பிய கோப்பில் இருந்தவை தாக்குதலைக் கண்டுபிடிக்கும் விதிகள். அவற்றின் வார்ப்புரு 21 உள்ளீடுகளைக் கேட்டது, நிரல் கொடுத்ததோ 20. பழைய விதிகள் 21-ஆவது இடத்தில் ‘எதுவானாலும் சரி’ என்றே சொன்னதால் அதை யாரும் படிக்கவில்லை, சோதனைகளிலும் மாட்டவில்லை. அன்றைய கோப்புதான் முதன்முறையாக அதை உண்மையிலேயே ஒப்பிடச் சொன்னது. டிரைவர் 20 உள்ளீடுகளின் வரிசையைத் தாண்டி, அங்கே கிடந்ததை முகவரி என்று நம்பியது.

78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் டிரைவர் பூட் ஆகும்போதே ஏறிவிடுவதால் விழுந்த கணினிகள் பலவற்றுக்குத் திருத்தம் போய்ச்சேரவே வழியில்லை. ஒவ்வொன்றாக சேஃப் மோடில் (அவசியமானதை மட்டும் ஏற்றும் முறை) திறந்து கோப்பை நீக்க வேண்டியிருந்தது. அப்புறம் சேர்த்தது சின்ன வேலைதான்: படிக்கும் முன் வரிசையின் நீளத்தைப் பார்ப்பது, உள்ளீடுகளின் எண்ணிக்கையை நிரலைக் கம்பைல் செய்யும்போதே (இயங்கும் வடிவுக்கு மாற்றும்போதே) சரிபார்ப்பது.